திண்டுக்கல் உள்ளே போகாது

கொடைக்கானலுக்கும் பழநிக்கும் போகிறவர்கள் வழியில் இறங்கி நின்றதால் பிழைத்த ஊர் எங்கள் திண்டுக்கல். இந்த ஊரைப் பார்ப்பதற்கென்றே வந்தவர்கள் என்று என் சிறு வயதில் யாரையும் பார்த்த நினைவில்லை. வந்தவர்கள் எல்லாரும் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தவர்கள். அடுத்த பஸ்ஸுக்கு நேரமிருக்கும். ரயில் தாமதம் என்று ஸ்டேஷனில் எழுதிப் போட்டிருப்பார்கள். வாடகைக் கார் ரேடியேட்டர் கொதித்து நின்றிருக்கும். அந்தக் காத்திருப்பில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது.

அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே பழக்கடை வைத்திருந்தார். எழுபதுகளின் கடைசியும் எண்பதுகளின் தொடக்கமும் என் நினைவில் அந்தக் கடையாகவே இருக்கின்றன. காசியில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை அப்போது ஊருக்குள் வந்து ஊருக்குள்ளாகவே போனது. லாரி, பஸ், மாட்டுவண்டி, பூட்டுப் பட்டறைக்கு இரும்புத் தகடு ஏற்றிய கைவண்டி, பேகம்பூர் பக்கம் தோல் ஏற்றிப் போகிற வண்டி எல்லாம் ஒரே தார்ச் சாலையில் நெருக்கிக்கொண்டு போகும். எதிரும் புதிருமாக இரண்டு லாரி வந்தால் சைக்கிள்காரர்கள் மண்ணில் இறங்கி நிற்பார்கள். திண்டுக்கல்லைத் தாண்டுவதற்கே அரை மணி நேரம் ஆன நாட்கள் உண்டு.

கடையில் சிறுமலை வாழைதான் முக்கியம். தார்களைக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார். சின்னப் பழம், தோல் சுருங்கிக் கறுத்தாலும் உள்ளே கெடாது, இனிப்போடு லேசான புளிப்பும் இருக்கும். பழநிக்குப் போகிறவர்கள் தாராகவே வாங்குவார்கள். கொடைக்கானல் போகிறவர்கள் சீப்பு வாங்குவார்கள். ஆனால் அப்பா அவர்களுக்குச் செய்த பெரிய உதவி பழம் விற்றது அல்ல.

“பஸ் எப்பங்க வரும்?” என்று மெட்ராஸ்காரர் ஒருவர் கேட்பார். கூடவே மனைவி, பிள்ளைகள், டிரங்குப் பெட்டி, கம்பளி மூட்டை.

“வர்ற நேரம் சொல்ல முடியாதுங்கய்யா. எப்படியும் ரெண்டு மணி நேரம் ஆகும். பெட்டி படுக்கையை இந்தப் பலகைக்கு அடியில வச்சுட்டு, ஒரு வண்டியப் புடிச்சு மலைக்கோட்டையப் பாத்துட்டு வந்துருங்க. நான் இங்கதான் இருப்பேன்.”

அவர்கள் குதிரை வண்டியில் போவார்கள். பிள்ளைகள் பாறையில் வெட்டிய படிகளில் ஓடி ஏறியிருக்கும். திரும்பி வரும்போது வேர்த்து விறுவிறுத்து, நல்ல பசியோடு வருவார்கள். வண்டிக்காரருக்கு ஒரு சவாரி, பக்கத்து ஓட்டலில் ஐந்து சாப்பாடு, எங்கள் கடையில் இரண்டு சீப்பு. வழியில் கண்ணில் பட்டு ஒரு மாங்காய்ப் பூட்டும் வாங்கியிருப்பார்கள். ஊருக்குப் போய் வீட்டுக் கதவில் அதை மாட்டும்போது திண்டுக்கல் என்ற பெயரை ஒரு தடவை சொல்லியிருப்பார்கள்.

அந்தக் கோட்டையை 1605இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கினார். திருமலை நாயக்கர் பலப்படுத்தினார். மைசூரின் பெயர் பெற்ற ஹைதர் அலி 1755இல் இங்கே பௌஜ்தாராக, அதாவது படைத் தலைவராக, வந்துதான் தன் சொந்தப் படையை வளர்த்துக்கொண்டார். 1790இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை பிடித்தது, 1792 ஸ்ரீரங்கப்பட்டினம் உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமையே அவர்கள் கைக்குப் போயிற்று. அவர்களை எதிர்த்த விருப்பாட்சி கோபால் நாயக்கரை 1801இல் இங்கேதான் தூக்கிலிட்டார்கள். ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகம் அடங்கிய இடம் என்பதால்தான் பேகம்பூர் என்று பெயர். தென்னாட்டு வரலாற்றின் இத்தனை பக்கங்களைச் சுமந்து நிற்கும் அந்தப் பாறையை வெளியூர்க்காரர்கள் ஏறிப் பார்த்தார்கள் என்றால், பஸ் தாமதமானது ஒரு காரணம், பெட்டியை நம்பி வைக்க ஓர் இடம் இருந்தது இன்னொரு காரணம்.

சாலை மாறினால் சனங்கள் நிற்கிற இடமும் மாறும். எங்கள் சீமையில் இது புதிதல்ல. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியபோது மேலே போக ஒற்றையடிப் பாதைதான். 1875இல் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் அம்மையநாயக்கனூரில் இறங்கின. இன்று கொடைரோடு என்று நாம் சொல்கிற ஸ்டேஷன் அதுதான். அங்கிருந்து இராத்திரி முழுக்க மாட்டுவண்டி. பெரியகுளம் தாண்டி, மலையடிவாரத்துத் தோப்பில் விடிந்ததும் இறங்கி, நடக்க முடிந்தவர்கள் நடந்தும், வசதியுள்ளவர்கள் குதிரையிலும், மற்றவர்கள் நாற்காலி கட்டிய டோலியிலும் ஏறினார்கள். வண்டி மாட்டுக்கு வைக்கோல் விற்றவர், டோலி தூக்கியவர், சுமை தூக்கியவர், அடிவாரத்தில் சோறு பொங்கியவர் என்று ஒரு கூட்டமே அந்தப் பாதையை நம்பி இருந்தது.

மேஜர் லா என்ற பொறியாளர் 1870களில் அளந்து தடம் போட்ட மலைச் சாலை, பல வருஷம் இழுத்து, 1914இல் வண்டிப் போக்குவரத்துக்குத் திறந்தது. வத்தலக்குண்டு மலையின் வாசலாயிற்று. பெரியகுளத்து வழி மெல்ல அடங்கிப்போனது. சாலை வந்தது கொடைக்கானலை வளர்த்தது என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு டோலி தூக்கியவர்கள் என்ன தொழில் செய்தார்கள் என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி இல்லை. அப்பாவின் கடையைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அவர்களும் நினைவுக்கு வருகிறார்கள்.

நான்கு வழிச் சாலை வந்த காலத்தை இப்போது எல்லாரும் மறந்துவிட்டோம். வடக்கு–தெற்கு வழித்தடத்தின் ஒரு பகுதியாக, 2010ஐ ஒட்டிய வருஷங்களில் கரூரிலிருந்து திண்டுக்கல்லைச் சுற்றிக்கொண்டு மதுரைக்கு அது போனது. சாலையின் எண்ணும் ஏழிலிருந்து நாற்பத்து நான்கு ஆயிற்று. தொடக்கம் காசிக்குப் பதிலாக ஸ்ரீநகர். அதன் பிறகு திருச்சிப் பக்கம் நான்கு வழி. பொள்ளாச்சியிலிருந்து உடுமலை, பழநி, ஒட்டன்சத்திரம் வழியாகக் கமலாபுரம் வரை நான்கு வழி வேலை. தேனி, குமுளிப் பக்கம் வத்தலக்குண்டையும் பெரியகுளத்தையும் சுற்றிப் போகிற புறவழிகள். நத்தம் பக்கம் பார்த்தால், 2023இல் திறந்த மதுரை மேம்பாலம் ஒன்றே ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. எந்தத் திசையிலிருந்து வந்தாலும் நல்ல சாலை. எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஊரைத் தொடாமலே போய்விடலாம்.

இந்தச் சாலைகளை நான் குறை சொல்லப் போவதில்லை. பழைய சாலையில் நேருக்கு நேர் மோதிய வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். தீபாவளி, பொங்கல் சமயத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு சாவுச் செய்தி வராமல் போனதில்லை. நடுவில் தடுப்புச் சுவர் வந்ததால் எத்தனை வீடுகள் அழாமல் தப்பின என்று யாரும் கணக்கு வைத்திருக்க மாட்டார்கள். நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் பறிக்கிற மல்லிகை மொட்டு விரியுமுன் மதுரை மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அரை மணி முந்திப் போனால் விலை வேறு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து இரவில் புறப்படுகிற காய்கறி லாரிகள் காலையில் கேரளத்துக் கடைகளில் இருக்கின்றன. பிரசவ வலியெடுத்து, கேஸ் சிக்கலாகி, மதுரை பெரியாஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் போனவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. அந்த அறுபது சொச்சம் கிலோமீட்டரைப் பழைய சாலையில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது.

புளிய மரங்களைப் பற்றி மட்டும் சொல்லிவிட வேண்டும். மதுரை ரோட்டின் இரண்டு பக்கமும் கிளைகள் மேலே கோத்துக்கொண்டு நின்ற மரங்கள் அவை. மகசூலைக் குத்தகைக்கு விடுவார்கள். பருவத்தில் குத்தகைக்காரரின் ஆட்கள் மேலே ஏறி உலுக்க, பெண்கள் கீழே சாக்கு விரித்துப் பொறுக்குவார்கள். நிழலில் நின்று இளநீர் குடித்துவிட்டுப் போன கார்கள் எத்தனையோ. அகலப்படுத்துவதற்காக வெட்டிய மரங்களுக்குப் பதிலாக நடுத் தடுப்பில் அரளிச் செடி வைத்தார்கள். பூத்து அழகாகத்தான் இருக்கிறது. அதனடியில் யாரும் நிற்க முடியாது, நிற்கவும் கூடாது.

பஸ்களும் இப்படித்தான் ஊரில் நிற்காமல் போயின. எங்கள் ஊர் பஸ்களின் பக்கவாட்டில் போக்குவரத்துக் கழகத்தின் பெயர் முன்பு பாண்டியன் என்றும், பிறகு திண்டுக்கல்லையே தலைமையிடமாகக் கொண்ட ராணி மங்கம்மாள் என்றும் எழுதியிருக்கும். எல்லா வண்டியும் காமராஜர் பஸ் ஸ்டாண்டுக்குள் வந்து, பத்து நிமிஷமாவது நின்று, முறுக்கும் சுண்டலும் கொய்யாவும் ஜன்னல் வழியாக ஏறிய பிறகுதான் கிளம்பும். இப்போது மதுரை ஆரப்பாளையத்தில் சேலம் வண்டியில் ஏறப் போனால் படிக்கட்டில் நின்றே கண்டக்டர் தம்பி சொல்லிவிடுகிறார்:

“எங்கண்ணே போகணும்? திண்டுக்கல்லா? திண்டுக்கல் உள்ளே போகாதுண்ணே. பைபாஸ்ல எறங்கிக்கிறீங்கன்னா ஏறுங்க.”

பைபாஸ் ரைடர் என்றே பெயர் வைத்த வண்டிகள் ஓடுகின்றன. சேலத்துக்கும் பெங்களூருக்கும் போகிறவர்களுக்கு அது நியாயம். ஒருவர் இறங்குவதற்காக ஐம்பது பேர் ஊருக்குள் சுற்ற வேண்டுமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் இராத்திரி பதினொரு மணிக்குக் கைக்குழந்தையோடு புறவழியில் இறங்கி, விளக்கில்லாத அணுகுசாலையில் ஆட்டோ தேடி நிற்கும் பெண்ணுக்கும் ஒரு நியாயம் வேண்டும். அங்கே ஒரு கூரை, ஒரு விளக்கு, ஒரு கழிவறை, ஊருக்குள் போக ஒரு டவுன் பஸ். நூற்றுக்கணக்கான கோடியில் சாலை போட்ட நாட்டுக்கு இது பெரிய செலவல்ல.

அப்பாவின் கடை ஒரே நாளில் மூடியதல்ல. முதலில் கொடைக்கானல் கார்கள் குறைந்தன. பிறகு தூரத்துப் பஸ்கள். உள்ளூர்க்காரர்கள் வாங்கினார்கள், ஆனால் உள்ளூர்க்காரர் தார் வாங்க மாட்டார். இரண்டு பழம் போதும். ஒரு சாயங்காலம் தம்பி அவரைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்ப் புதுச் சாலையைக் காட்டினான். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகிற கார்களை அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரோடு நல்லாத்தான்டா இருக்கு. நம்ம கடைதான் தூரமாப் போச்சு” என்றார்.

அவர் காலத்துக்குப் பிறகு அந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள்.

இதற்கிடையில் திண்டுக்கல்லின் பெயர் முன்னைவிடப் பெரிதாகிவிட்டது என்பதும் உண்மை. 1957இல் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் என்று தொடங்கிய பிரியாணிக் கடை, அவர் தலையில் கட்டியிருந்த தலைப்பாகையால் தலப்பாக்கட்டி என்று பெயரெடுத்து, சென்னை தாண்டி வெளிநாட்டுக்கும் போய்விட்டது. சீரகச் சம்பா அரிசியில் பிரியாணி என்றாலே திண்டுக்கல் என்று ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோவையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் காரில் வருகிறார்கள். இந்தச் சாலைகள் இல்லையென்றால் பிரியாணி சாப்பிடுவதற்காக யாரும் அவ்வளவு தூரம் வரமாட்டார்கள். சாலை கொண்டுவந்த சுற்றுலா என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம். எத்தனையோ இளைஞர்களுக்கு அதில் வேலை கிடைத்திருக்கிறது.

ஆனால் சாப்பாடு முடிந்ததும் அவர்கள் வந்த வழியே நெடுஞ்சாலை ஏறிவிடுகிறார்கள். அங்கிருந்து பார்த்தால் மலைக்கோட்டை நன்றாகவே தெரியும். கோவையிலிருந்து வந்த ஒரு பையன் கை கழுவும் இடத்தில் அதைக் காட்டி, “அது என்னப்பா?” என்று கேட்டதை நானே கேட்டேன். “ஏதோ கோயில் போலடா” என்றார் அவன் அப்பா. கோட்டைக்குப் போக அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். அந்தச் சில கிலோமீட்டரில் ஊர் முழுக்க இருக்கிறது. குறுகல் தெரு, ஆக்கிரமிப்பு, ஷேர் ஆட்டோ நெரிசல், காரை எங்கே நிறுத்துவது என்று தெரியாத தவிப்பு. நானூறு வருஷக் கோட்டையின் அடிவாரத்தில் கார் நிறுத்த முறையான இடம், குடிக்கத் தண்ணீர், கதை சொல்ல ஒரு பயிற்சி பெற்ற ஆள் இருந்தால் அந்தக் குடும்பம் இன்னும் மூன்று மணி நேரம் எங்கள் ஊரில் இருந்திருக்கும்.

அந்த மூன்று மணி நேரம்தான் விஷயம். சுங்கச்சாவடியைக் கடக்கும் வண்டிகளைக் கொண்டு சுற்றுலா வளர்ந்ததாகப் பேசுகிறார்கள். கொடைரோடு சாவடியில் 2021க்குப் பிறகு பாஸ்டேக்கில் பணம் போய்விடுகிறது, வண்டி அங்கேகூட முழுசாக நிற்பதில்லை. கடந்துபோகிற வண்டி ஓர் ஊருக்குக் கொடுப்பது புகையும் சத்தமும்தான். இறங்கி நடக்கிற மனிதன் செலவு செய்வான். இரவு தங்குகிறவன் இன்னும் செலவு செய்வான். பயண நேரம் குறையக் குறைய, காலையில் போய் இராத்திரி வீடு திரும்புகிறவர்கள் கூடுகிறார்கள். முன்பு மதுரையிலிருந்து கொடைக்கானல் என்றால் இரண்டு நாளாவது தங்குவார்கள். இப்போது விடிகாலை கிளம்பி, ஏரியைச் சுற்றி, வரும் வழியில் சாப்பிட்டு, படுக்கைக்கு வீடு வந்துவிடுகிறவர்கள் ஏராளம். வருகிற ஆட்கள் கூடினார்கள், ஆள் ஒருவர் மலையில் கழிக்கும் நேரம் குறைந்தது. மலைக்கு வந்து சேர்ந்தது குப்பையும் நெரிசலும்.

கீழே சாலை நான்கு வழியானது, மேலே மலைப் பாதை அதே லா சாலைதான். ஆற்றில் வெள்ளம் பெருகி வந்து மதகடியில் முட்டுவதுபோல் வண்டிகள் வந்து முட்டின. 2024 பிப்ரவரியில் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ படம் வந்ததும் கொடைக்கானலின் குணா குகையைப் பார்க்கக் கேரளத்திலிருந்து ஒரு புதுக் கூட்டம் சேர்ந்தது. கோடை விடுமுறை தொடங்கியபோது சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டதால், 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமாயிற்று. மலை எத்தனை வண்டி தாங்கும் என்று ஆராய ஐஐடியையும் ஐஐஎம்மையும் கேட்டார்கள். 2025 ஏப்ரலில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வண்டிகள் என்று எல்லையே வகுத்தார்கள். சாலையைப் பெரிதாக்க முப்பது வருஷம் பாடுபட்டு, அது முடிந்ததும் வாசலில் சீட்டுக் கொடுத்து ஆள் விடுகிற நிலைக்கு வந்து நிற்கிறோம். நீதிமன்றம் சொன்னது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த மலைக்காக வேறு யாரும் பேசவில்லை.

சாலையும் தங்குமிடமும் ஒரே வேலை என்று இந்த நாட்டில் ஒருத்தி செய்து காட்டியிருக்கிறாள். ராணி மங்கம்மாள் பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்டபோது போட்ட சாலைகளுக்கு அவள் பெயரே நிலைத்தது. சாலையோடு மரம் வைத்தாள், கிணறு வெட்டினாள், சத்திரம் கட்டினாள். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவள் சத்திரம் இன்றும் நிற்கிறது. நடந்து போகிறவன் எங்கே உட்காருவான், எங்கே சாப்பிடுவான் என்று யோசித்த பிறகே அவள் சாலையை முடித்ததாகக் கருதினாள் என்று எனக்குத் தோன்றும். தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடக்கிற லட்சக்கணக்கானவர்களுக்கு நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியெங்கும் இன்றும் சனங்களே பந்தல் போட்டுச் சோறும் மோரும் தருகிறார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் அவர்களுக்கென்று தனி நடைபாதையும் வந்திருக்கிறது. வழிநடைக்காரனைக் கவனிக்கத் தெரியாத மண்ணல்ல இது.

வண்டியில் போகிறவர்களையும் இப்படிக் கவனிக்கலாம் என்பதற்கு வெளிநாட்டு உதாரணங்கள் உண்டு. ஜப்பானில் 1993இல் சாலை நிலையங்கள் என்று ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் இலவசமாக வண்டி நிறுத்த இடம், எந்நேரமும் திறந்திருக்கும் கழிவறை, அந்தப் பகுதியைப் பற்றிச் சொல்லும் தகவல் கூடம். கூடவே அந்த வட்டாரத்து விவசாயிகள் தங்கள் விளைச்சலைத் தாங்களே கொண்டுவந்து விற்கிற கடை. இன்று நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. உள்ளூராட்சிகள்தான் முன்னின்று அமைக்கின்றன. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்துச் செலிக்மன் என்ற சிற்றூரை 1978இல் புது நெடுஞ்சாலை சுற்றிக்கொண்டு போய்விட்டது. ஊரே காலியாகும் என்ற நிலையில், அந்த ஊர் நாவிதர் ஏஞ்செல் டெல்காடில்லோவும் அக்கம்பக்கத்தாரும் 1987இல் சங்கம் வைத்து, பழைய 66ஆம் எண் சாலையைச் சரித்திரச் சாலையாக அறிவிக்கவைத்தார்கள். இன்று அந்தப் பழைய சாலைக்காகவே உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

நம்மிடம் விற்கவும் காட்டவும் சரக்கு இல்லையா? கொடைரோடு பிரிவில் ஒரு நல்ல நிலையம் அமைத்தால் அங்கே என்னென்ன வைக்கலாம் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். நிலக்கோட்டை மல்லிகை. வெள்ளோடு, ஜாதிக்கவுண்டன்பட்டிப் பக்கத்துப் பன்னீர்த் திராட்சை. ஆயக்குடிக் கொய்யா. நத்தம் மாம்பழமும் புளியும். சின்னாளபட்டிச் சுங்குடியைத் தறிக்காரரே கொண்டுவந்து விரித்துக் காட்டலாம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டுக்கு வாங்க ஆளில்லாமல் பட்டறைகள் சுருங்கி வருகின்றன. சாவியைத் தப்பாகப் போட்டால் திருடனையே மாட்டிவிடுகிற பூட்டெல்லாம் செய்த கைகள் அவை. ஒரு வயதான ஆசாரி அங்கே உட்கார்ந்து பூட்டைத் திறந்து மூடிக் காட்டினால் பிள்ளைகள் நகர மாட்டார்கள். சுவரில் ஒரு பெரிய படம். அதில் மலைக்கோட்டை, பேகம்பூர், காந்திகிராமம், தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சிற்பங்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிஷம் என்று. படத்துக்குக் கீழே, அடுத்த பஸ் எப்போது என்று.

சிறுமலைதான் இப்போது எனக்கு ரொம்பக் கவலை தருகிறது. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் ரோட்டில் போய்த் திரும்பினால் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. கொடைக்கானலுக்குச் சீட்டுக் கிடைக்காதவர்களும், கூட்டம் வேண்டாம் என்கிறவர்களும் சனி ஞாயிறுகளில் இங்கே திரும்புகிறார்கள். எழுபதுகளில் முடிக்கொத்து நோய் வந்து பெரும்பகுதி அழிந்த மலைவாழையைப் பாடுபட்டு மறுபடி கொண்டுவந்து, 2008இல் புவிசார் குறியீடும் வாங்கிய மலை அது. இன்றும் உள்ளடங்கிய தோட்டங்களிலிருந்து தார்களைக் குதிரை முதுகில்தான் சாலைக்குக் கொண்டுவருகிறார்கள்.

மாமா மகனுக்கு அங்கே கொஞ்சம் தோட்டம் இருக்கிறது. போன மாசம் போயிருந்தேன். குதிரையை நிறுத்தித் தார் இறக்குகிற திட்டில் இரண்டு கார்கள் நின்றன. காரில் வந்தவர்கள் பள்ளத்தாக்கைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். குதிரைக்காரர் அவர்கள் கிளம்பும் வரை சாலையில் சுமையோடு நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

“ரோட்டை அகலமாக்கினா நல்லதுன்னு இங்க பாதிப் பேரு சொல்றோம் மச்சான்” என்றான் அவன். “ஆஸ்பத்திரிக்குப் போக நமக்கும் ரோடு வேணும்ல. ஆனா அகலமானா வளைவுக்கு வளைவு கடை வந்துரும். அந்தக் கடையெல்லாம் யாரு கையில இருக்கும்? தார் எறக்குற எடமே பார்க்கிங் ஆயிருச்சுன்னா குதிரைய எங்க நிறுத்துறது?”

அடிவாரத்திலேயே வெளியூர்க் கார்களை நிறுத்தி, மலைக்காரர்களே ஓட்டுகிற சிற்றுந்தில் மேலே கொண்டுபோனால் என்ன என்று நான் கேட்டேன். அவன் உடனே சரி என்று சொல்லவில்லை. வாடகைக்கு அறை விடுகிறவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றான். பழக்கடையும் சாப்பாட்டுக் கடையும் மேலே சிற்றுந்து நிற்கிற ஒரே இடத்தில், ஊர்ப் பெண்கள் குழுக்களிடம் இருந்தால் அவர்களிலும் பாதிப் பேர் வருவார்கள் என்று அவனே கணக்குப் போட்டான். சாலை வேலை எதுவும் தொடங்குமுன் தார் இறக்கும் திட்டுகளை அளந்து, ஊராட்சிப் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும் என்று இருவரும் பேசி முடித்தோம். எங்கெங்கே எத்தனை திட்டு என்று குதிரைக்காரர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறான். ஆகஸ்ட் 15 கிராம சபையில் அதைத் தீர்மானமாக வைக்கப்போகிறான். தீர்மானத்தின் வாசகத்தை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.